பிரெஞ்சு நினைவுக் காசு: பிராங்க் சேர்ப்பதா, யூரோ சேர்ப்பதா?

பிரான்சின் நினைவு நாணயங்களைச் சேர்க்க நினைக்கிறவருக்கு இரண்டு வழி உண்டு. 2007-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உருவாக்கிய ரோம் ஒப்பந்தத்தின் பொன்விழாவில் தொடங்கி இன்றும் வந்துகொண்டிருக்கும் 2 யூரோ காசுகள் ஒன்று. யூரோவுக்கு முன் பிரான்சின் பணமாக இருந்த பிராங்கில், 1982-லிருந்து 1998 வரை புழக்கத்துக்கு வந்த நினைவுக் காசுகள் இன்னொன்று. நான் பாரிசில் ஒரு கடையில் கல்லாவில் நிற்கிறவன். யூரோவில்தான் ஆரம்பித்தேன், நான்கு வருடம் சேர்த்தேன், அப்புறம் பிராங்குக்கு மாறினேன். திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

யூரோ பக்கம் சொல்ல நல்லது நிறைய இருக்கிறது. முதலில், செலவே இல்லை. கல்லாவில் வருகிற காசை எடுத்துக்கொண்டு என் பையிலிருந்து வேறு 2 யூரோ போட்டால் முடிந்தது. நாளைக்கே சலித்துப் போனாலும் அது 2 யூரோ காசுதான், ரொட்டி வாங்கலாம். சில காசுகள் மனதைப் பிடித்து நிறுத்தவும் செய்யும். 2018-ல் பிரெஞ்சு அரசியல் தலைவர் சிமோன் வெய்க்கு வந்த காசில் அவர் கழுத்துப்பட்டையில் 78651 என்று பொறித்திருக்கிறார்கள்; அவுஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் அவருக்குப் பச்சை குத்திய எண். அது என் கைக்கு வந்த அன்று வரிசையில் ஆள் நின்றதையும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யூரோ சேர்ப்பை விட்டபோதும் அந்தக் காசை விடவில்லை.

சரி, அப்படியானால் ஏன் மாறினேன்? பிராங்க் வரிசைக்கு முடிவு இருக்கிறது, அதுதான் காரணம்.

இது கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் சேர்க்கத் தொடங்கி இரண்டு மூன்று வருடம் போனால்தான் உறைக்கும். 2 யூரோவில் ஒவ்வொரு நாடும் வருடத்துக்கு இரண்டு நினைவுக் காசு வெளியிடலாம், எல்லா நாடுகளும் சேர்ந்து வெளியிடும் பொதுக் காசு அதற்கு மேல். பிரான்சோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று கோடு போட்டாலும் பட்டியல் வருடா வருடம் நீளும். நீள்வதுகூடப் பரவாயில்லை, அவற்றில் சில கல்லாவுக்கு வருவதே இல்லை. 2019-ல் ஆஸ்டெரிக்ஸ் என்ற பிரெஞ்சுப் படக்கதையின் 60 வருடத்துக்கு வந்த காசு சேகரிப்பாளர்களுக்கென்று அட்டையில் போட்டுத்தான் விற்கப்பட்டது, அதுவும் முகமதிப்பைவிடப் பல மடங்கு விலைக்கு. ஒலிம்பிக் வரிசையையும் நான் அட்டையில்தான் பார்த்திருக்கிறேன். யார் கையிலும் புழங்காத காசைப் புழக்கக் காசு என்று எப்படிச் சேர்ப்பது? காசு சேர்ப்பதாக நினைத்து நாணயச்சாலைக்கு வருடச் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு நாள் தோன்றிவிட்டது.

பிராங்கில் இந்தத் தொல்லை கிடையாது. 1, 2, 5, 10, 20 என்று எல்லா மதிப்பும் சேர்த்து என் கணக்கில் 25 காசு. 1982-ன் காம்பெத்தாவில் தொடங்கி ஸ்தாந்தால், விக்தோர் ஹ்யூகோ, ஈபெல் கோபுரம், வோல்த்தேர், பாஸ்தர் என்று போய் 1998-ன் ரெனே காஸேனோடு முடிகிறது. இனி ஒன்றுகூட வராது. பட்டியலை ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வரலாம், அந்த நிம்மதி யூரோவில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

அந்தச் சின்ன வரிசைக்குள்ளேயே கதையும் இருக்கிறது. 10 பிராங்க் என்றால் பெரிய மஞ்சள் காசு என்று பழகியிருந்த ஜனங்களிடம் 1986-ல் சின்னதாக, வெள்ளையாக, நிக்கலில் ஒரு 10 பிராங்கைக் கொடுத்தார்கள். எல்லாரும் அதை அரை பிராங்க் என்று நினைத்துத் தவறிக் கொடுக்க ஆரம்பித்தார்கள், சத்தம் கிளம்பியது, காசைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே வருடம் வந்த ரொபேர் ஷூமான் நினைவுக் காசும் அந்தச் சின்ன அளவில்தான். ஆல்பத்தில் மஞ்சள் 10 பிராங்குகளுக்கு நடுவே அது மட்டும் குட்டியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே அந்த வருடத்துக் குழப்பம் தெரியும்.

பராமரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. 1, 2 பிராங்க் சுத்த நிக்கல், காந்தத்தில் ஒட்டும், எளிதில் கறுக்காது. 2 யூரோவின் நடுப்பகுதி கைபட்டால் மங்கும். இரண்டையும் புளி போட்டு விளக்காதீர்கள், பளபளப்பு வரும், சேகரிப்பாளர் தொடமாட்டார். பிவிசி பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், நாளாக ஆகப் பச்சைப் பிசின் படியும்.

பணத்தைத் திரும்ப எடுப்பதில் யூரோதான் மேல், இதை மறைக்க மாட்டேன். பிராங்க் 2002 பிப்ரவரி 17-ல் செல்லாததாகி, காசுகளை மாற்றிக்கொள்ள பிரான்ஸ் வங்கி கொடுத்த தவணையும் 2005 பிப்ரவரி 17-ல் முடிந்துவிட்டது. இன்று இன்னொரு சேகரிப்பாளர் வாங்கினால்தான் அதற்கு விலை. நான் இதுவரை ஒன்றைக்கூட விற்றதில்லை, அதனால் விற்றால் என்ன கிடைக்கும் என்பதில் என் பேச்சை நம்பாதீர்கள். வாங்கிய அனுபவத்தைச் சொல்கிறேன்: ஞாயிற்றுக்கிழமைத் தெருச் சந்தைகளில் தட்டு நிறையக் கொட்டி வைத்திருப்பார்கள், பொறுமையாகக் கிளறினால் பெரும்பாலானவை ஒரு யூரோவுக்குள் முடிந்துவிடும். பாரிசின் ரூ விவியென் தெருப் பக்கத்து நாணயக் கடைகளில் காசு சுத்தமாக இருக்கும், விலையும் கூடும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு யூரோவைக் கொடுங்கள். கடைக்குப் போய்வந்த சில்லறையிலேயே தேடலாம், தொலைத்தாலும் பெரிய நட்டம் இல்லை. எனக்கு 25-ல் ஒன்று பாக்கி: 1993-ல் மத்தியதரைக் கடல் விளையாட்டுகளுக்காக வந்த, மூன்று உலோகம் சேர்ந்த 20 பிராங்க். கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். நான் சந்தைத் தட்டில்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.