ஆளுக்கா, படகுக்கா?

திருகோணமலையில் இரண்டு வாரம் நின்றுவிட்டு வந்தேன். கொழும்பிலிருந்து இரவு ரயில் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. அக்கா வீட்டில் ஒருநாள்கூட மின்சாரம் போகவில்லை. வங்கியில் பத்து நிமிடத்தில் அலுவல் முடிந்தது. இதையெல்லாம் எழுதினால் யார் படிக்கப் போகிறீர்கள்? நான் எழுத உட்கார்ந்தது ஒரேயொரு வேற்றுமை உருபைப் பற்றி. நான்காம் வேற்றுமை, உருபு 'கு'. அதை ஒருவர் விழுங்கிவிட்டதால் எனக்கு ஒரு விடியற்காலையும் 5,000 ரூபாயும் போயின.

என் மகனுக்கு 14 வயது, கனடாவில், ஸ்காபரோவில் பிறந்தவன். சொந்தக்காரர் வீடு, கன்னியா வெந்நீர்க் கிணறு என்று நான் கூட்டித் திரிந்த இடமெல்லாம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தான். கோணேசர் கோயில் மலையில் நின்று கீழே கடலைப் பார்த்தபோதுதான் முதன்முதலாக வாய் திறந்தான். "அப்பா, இந்த இடம் எவ்வளவு ஆழம்?" சாமி கும்பிட வந்த இடத்தில் கேட்கிற கேள்வியா என்று அக்கா முறைத்தார். ஆனால் நல்ல கேள்வி. நம் ஊர்க் கடல் மெல்ல மெல்ல ஆழமாகிற கடல் அல்ல. துறைமுகத்துக்குள்ளிருந்தே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி ஆயிரக்கணக்கான மீற்றருக்கு இறங்கிப் போகிறது. நீலத் திமிங்கிலம் கரைக்கு அவ்வளவு அருகில் வருவது அதனால்தான். இதைச் சொன்னேனோ இல்லையோ, பெட்டிக்குள் நான்காக மடித்துக் கொண்டுவந்த தூண்டில் தடி அவனுக்கு நினைவு வந்துவிட்டது. விமானம் ஏற மூன்று நாள் இருந்தது.

சென்ற கோடையில் நாங்கள் நான்கு பேர் ஒன்டாரியோ ஏரியில் மீன்பிடிக்கப் போயிருந்தோம். ஸ்காபரோவில் பிளஃபர்ஸ் பார்க் கரையிலிருந்து படகு. இணையத்தில் நாளைத் தேர்ந்தெடுத்து அட்டையால் பணம் கட்டினால் மின்னஞ்சல் வரும்: இத்தனை மணிக்கு வாருங்கள், மீன்பிடி உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள், காற்று அடித்தால் வேறு நாள் தருவோம், தயவுசெய்து வாழைப்பழம் கொண்டுவராதீர்கள். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் படாது என்பது வெள்ளைக்காரர்களின் நம்பிக்கை. அரை நாளுக்கு 700 டொலர். இரண்டு சல்மன் கிடைத்தன. ஒருவரோடும் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. அந்தப் பழக்கத்தில் ஊறிய மனிதன், இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிக் கைப்பேசியை எடுத்தேன்.

மச்சான் அப்போதே சொன்னார். "போனை வைத்துவிட்டு அந்திக்கு வாடிப் பக்கம் போய்க் கேள்." பழைய ஆட்களுக்குத் தெரியும், அந்தக் காலத்தில் நாங்கள் அதைத்தான் செய்தோம். வாடி என்பது கரையில் மீனவர் போடும் கொட்டில். வலை தட்டுகிற நேரத்தில் அங்கே போய்ப் பேச்சுக் கொடுத்தால், நாளை இடம் இருக்குமா இல்லையா என்பது முகத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் நான் பிள்ளையோடு போகிறவன். உயிர்காப்பு அங்கி உண்டா, காப்புறுதி உண்டா என்றெல்லாம் கவலைப்படுகிற கனடாக்காரன். மச்சான் சொன்னது காதில் ஏறவில்லை.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விளம்பரப் பலகைகளுக்குக் குறைவில்லை. முதலில் கேட்ட இடத்தில் அரை நாளுக்கு 65,000 ரூபாய். அடுத்தவர் அமெரிக்க டொலரில்தான் பேசினார்; தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் வந்தது. மூன்றாமவர் சொன்னதைக் கேளுங்கள்: "புறாமலைக்குப் போகிற படகிலேயே ஏறுங்கள் சேர், போகிற வழியில் தூண்டிலைப் போடலாம்." புறாமலை ஒரு சிறு தீவு, 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் போட்டால் பிடிபடுவது மீனாக இருக்காது. படகோட்டிக்கு இது தெரியாமல் இருக்குமா? நமக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறார்.

நான்காவதாகக் கிடைத்தவர்தான் இந்தக் கதையின் நாயகர். சிறிய விடுதி ஒன்றின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர், சிரித்த முகம். அன்று மாலை வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். அந்தச் செய்தியை நான் இதுவரை நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். எழுத்துக்கு எழுத்து இதுதான்: "அண்ணன், நாளை விடிய ஐந்து மணி, படகு ரெடி, தடி எல்லாம் இருக்கிறது, உங்களுக்காகப் பதினெட்டு. ஒரு ஐந்தை மட்டும் இப்போது போட்டுவிடுங்கள்."

பதினெட்டு என்றால் 18,000 என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 65,000 கேட்ட கடற்கரையில் ஒருவர் 18,000 சொல்கிறாரே, ஊர்ப் பாசம் இன்னும் சாகவில்லை என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. 'உங்களுக்காக' என்ற சொல் வேறு. உடனே ஐந்தைப் போட்டேன். மனைவியிடம், "பார்த்தாயா, நம் ஆட்கள் நம் ஆட்கள்தான்" என்றுகூடச் சொன்னேன். அந்த வாக்கியத்தை அவர் பிறகு எத்தனை தடவை திருப்பிச் சொன்னார் என்பது தனிக்கதை.

விடிய நான்கு மணிக்கு எழும்பி, நான், மகன், மச்சான் மூவரும் ஓட்டோ பிடித்து, ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கக் கரையில் நின்றோம். ஐந்து ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. வெளிச்சம் வந்தது. விடுதிகளின் நாய்கள் வந்து மணந்து பார்த்துவிட்டுப் போயின. ஆறே காலுக்குப் படகு வந்தது. உல்லாசப் பயணிகளை ஏற்றும் படகு. நீல நிறத் தகரக் கூரை, பக்கத்தில் டொல்பின் படம். உள்ளே ஒரேயொரு தடி. அதன் உருளையில் நைலோன் நூல் குருவிக்கூடு மாதிரிச் சிக்கிக் கிடந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், எங்களிடம் மகனின் தடி இருந்ததால். ஏறப் போகும்போது படகுக்காரப் பையன் மூன்று விரலைக் காட்டி எண்ணினான். "மூன்று பேர். ஐம்பத்து நான்கு. ஐந்து தந்துவிட்டீர்கள், மிச்சம் நாற்பத்தொன்பது."

"எது ஐம்பத்து நான்கு?"

"ஆளுக்குப் பதினெட்டு, சேர்."

"படகுக்குப் பதினெட்டு, தம்பி."

"ஆளுக்கு, சேர்."

கைப்பேசியை எடுத்துக் குரல் செய்தியைப் போட்டேன். கடற்கரையில், காலை ஆறே காலுக்கு, நான்கு பேர் தலையைக் குனிந்து ஒரு செய்தியைக் கேட்கிறோம். "உங்களுக்காகப் பதினெட்டு." மறுபடியும் போட்டேன். படகுக்கு என்றும் இல்லை, ஆளுக்கு என்றும் இல்லை. 'கு' இருந்தது, ஆனால் அது தவறான சொல்லில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது: உங்களுக்காக! பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் பிரம்போடு நின்று, கொடை, பகை, நேர்ச்சி, தகுதி என்று நான்காம் வேற்றுமையின் பொருள்களை ஒப்புவிக்க வைத்தபோது, இதெல்லாம் வாழ்க்கைக்கு எதற்கு என்று யோசித்தவன் நான். மேசைக்காரருக்கு அழைப்பெடுத்தேன். அவர் நித்திரை. பையன் பாவம், சம்பளத்துக்கு நிற்கிறவன். "அவர் எப்போதும் ஆளுக்குத்தான் பேசுவார், சேர். எல்லோருக்கும் தெரியும்" என்றான். எல்லோருக்கும் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நான் இப்போது அந்த எல்லோரில் ஒருவன் இல்லை.

நாங்கள் ஏறவில்லை. 5,000 திரும்பி வரவுமில்லை. எட்டு மணிக்கு எழும்பிய மேசைக்காரர், "முற்பணம் திருப்பித் தருவதில்லை அண்ணன், ஆனால் உங்களுக்காக நாளைக்கு வைத்திருக்கிறேன்" என்றார். மறுபடியும் உங்களுக்காக.

அங்கே 700 டொலர் கொடுத்தபோது நீங்கள் வாயே திறக்கவில்லையே, இது 245 டொலர்தானே என்றார் மனைவி. நியாயம்தான். பணம் பெரிதில்லை, பேச்சுத்தான் பெரிது என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்லக்கூடாது, பணமும் பெரிதுதான். ஊரில் நின்றால் எனக்குள் 220-ஆல் வகுக்கும் கணக்குப் பிள்ளை தூங்கிவிடுகிறான், ரூபாயை ரூபாயாகவே பார்க்கும் பழைய பையன் எழும்பிவிடுகிறான். அவனுக்கு 54,000 என்பது பெரிய தொகை. அதோடு, புறாமலை நுழைவுச் சீட்டில் வெளிநாட்டவர் விலையை நான் முணுமுணுக்காமல் கட்டியவன். அது பலகையில் எழுதியிருக்கிறது. எழுதிய விலைக்கு எனக்குக் கோபம் வருவதில்லை. காலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துத் தீர்மானிக்கிற விலைக்குத்தான் வருகிறது.

அன்று அந்திக்கு மச்சானின் பின்னால் வாயை மூடிக்கொண்டு திருக்கடலூர்ப் பக்கம் போனேன். வாடியில் ஐயா ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். மச்சான் உடனே விசயத்துக்கு வரவில்லை. காற்றைப் பற்றிப் பேசினார், மீன் விலையைப் பற்றிப் பேசினார், யாருக்கோ நடந்த கலியாணத்தைப் பற்றிப் பேசினார். நான் இருபது நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்தேன். பிறகு ஐயாவே கேட்டார்: "தம்பி வெளிநாடோ? பிள்ளைக்குத் தூண்டில் ஆசையோ?"

எங்கள் அதிர்ஷ்டம், அது நிலாக்காலம். நிலா வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகும், வலைத்தொழில் மந்தமாக இருக்கும், படகு சும்மா கிடக்கும். கடைசி நேரத்தில் மலிவாகப் படகு வேண்டுமென்றால் நாட்காட்டியில் பௌர்ணமியைப் பாருங்கள். இது எந்த விளம்பரப் பலகையிலும் இல்லை. ஐயா கணக்கை மணலில் குச்சியால் எழுதினார். எண்ணெய்க்கு 7,500, அவருக்கும் கூட வரும் பையனுக்கும் 6,000, மீனில் பாதி அவர்களுக்கு. எண்ணெய்க் காசை முதலில் வாங்கிக்கொண்டார். 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340-க்கு ஏறியதையும், தன் படகு எத்தனை நாள் மணலில் கிடந்தது என்பதையும் சொன்னார். பிறகு விலை இறங்கினாலும், எண்ணெய்க் காசைக் கடனாக விடுகிற பழக்கம் அந்த இரவோடு போய்விட்டது என்றார். நான் துணிந்து கேட்டேன். "ஐயா, இது படகுக்கா, ஆளுக்கா?" அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஆளுக்கு ஆள் எண்ணெய் கூடுமோ?"

காலை நாலரைக்குச் சொன்னார், நாலரைக்கு நின்றார். ஃபைபர் படகு, கூரை இல்லை. உயிர்காப்பு அங்கி இரண்டு இருந்தன; ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதும் எழும்பித் தட்டி மகனிடம் கொடுத்துவிட்டு, வேறு யாரோ படகுக்குப் போய் இன்னும் இரண்டு வாங்கி வந்தார். காப்புறுதி பற்றி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோணேசரைக் காட்டியிருப்பார். பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறும் அந்த எஞ்சினின் இருமல், மூக்கில் ஏறும் அந்தப் புகை! 9 வயதில் மாமாவின் வள்ளத்தில் போனபோது இதே புகையில்தான் வாந்தி எடுத்தேன். இந்தமுறை என் கண் கலங்கியது. புகையால்தான் என்று மகனிடம் சொன்னேன்.

மகனின் தடி 300 டொலர். ஐயாவிடம் இருந்தது ஒரு பலகைத் துண்டில் சுற்றிய தங்கூசி, அதாவது வெறும் நைலோன் நூல். இரையும் இல்லை. உரப்பை நாரை உரித்து, சீவி, முள்ளில் குஞ்சம் மாதிரிக் கட்டியிருந்தார். சுட்டுவிரலில் சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம், நூல் அறுக்காமல் இருப்பதற்கு. கோயில் மலை பின்னால் சிறுத்துப் போனதும் எஞ்சினை மெதுவாக்கி இரண்டு நூலையும் பின்னால் விட்டார். பத்து நிமிடத்தில் அந்த உரப்பை நாரில் ஒரு சூரை. பிறகு இன்னொன்று. மகனின் தடியில் மின்னுகிற பிளாஸ்டிக் மீன் சும்மா நீந்திக்கொண்டு வந்தது. ஐயா ஒன்றும் சொல்லவில்லை. தன் பையிலிருந்து இன்னொரு குஞ்சத்தை எடுத்து, அவன் தடியில் முடிந்துவிட்டார். அந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டி, மறுபடி போட்டு, மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார். ஐயாவுக்கு ஆங்கிலம் வராது, மகனுக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் அவன் இப்போது ஸ்காபரோவில் அந்த முடிச்சைத்தான் போடுகிறான்.

பாரை பட்டது ஏழு மணியளவில். தடி வில்லாக வளைந்தது. "விடு, விடு, ஓட விடு" என்று ஐயா கத்த, நான் மொழிபெயர்க்க, அதற்குள் மீன் இரண்டு தடவை படகுக்கு அடியில் போய் வந்துவிட்டது. நாலு கிலோ இருக்கும். ஒன்பது மணிக்குப் பசி எடுத்தபோது ஐயா முன்பலகையைத் தூக்கி ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார். நானும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடலில் இருக்கும்போது காரணத்தைச் சொல்வது சரியாகப் படவில்லை. ஆளுக்கு இரண்டு தின்றோம். அதன் பிறகு உண்மையிலேயே ஒன்றும் படவில்லை.

காற்று எழும்பும் முன் பத்தரைக்குக் கரை. பங்கு பிரிக்கும்போது ஐயா சூரை இரண்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பாரையை முழுதாக எங்களிடம் தள்ளினார். பாதி உங்களுடையது, வெட்டி எடுங்கள் என்றேன். "பிள்ளை பிடித்ததை வெட்டுவதோ?" என்று கத்தியை உறைக்குள் போட்டார். அக்கா அந்தத் தலையில் வைத்த சொதியைப் பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரை வேண்டும்.

மறுநாள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. மேசைக்காரர். குரல் செய்தி. "அண்ணன், நாளைக்குத் திமிங்கிலம் பார்க்கப் படகு போகிறது. உங்களுக்காகப் பதினைந்து."

"எதற்கு?" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் இன்னும் வரவில்லை.