மழைக்குப் படுப்பது டிஷ், கரண்டுக்குப் படுப்பது கேபிள்

போன மாதம் மாமா ஆன்லைனில் ஒரு ‘டிஜிட்டல் ஆன்டெனா’ வாங்கிவிட்டார். கையகலம்தான். ஜன்னலில் ஒட்டினால் சந்தா இல்லாமல் சேனல் கொட்டும் என்று போட்டிருந்ததாம். மதுரை செல்லூர் வீட்டில் ஒவ்வொரு ஜன்னலாக ஒட்டிப் பார்த்து, கடைசியில் மொட்டை மாடி தண்ணீர்த் தொட்டி வரை ஏற்றினோம். டிவி தேடித் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றது. ஆன்டெனா மேல் தப்பில்லை. தூர்தர்ஷன் 2016-ல் சென்னை உள்ளிட்ட சில நகரங்களில்தான் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கியது. மதுரை அதில் இல்லை. நமக்கு வந்துகொண்டிருந்தது கொடைக்கானல் டவரின் பழைய அனலாக் ஒளிபரப்பு. நாடு முழுக்க அந்த வகை டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவை 2022-க்குள் மூடப்பட்டுவிட்டன.

ஆக, நம்மூரில் போட்டி டிஷ்ஷுக்கும் கேபிளுக்கும்தான்.

அந்தக் காலத்து ஆன்டெனா வடமேற்கே கொடைக்கானலைப் பார்த்து நின்றது. ஃப்ரீ டிஷ், அதாவது தூர்தர்ஷனின் சந்தா இல்லாத டிஷ், அதற்கு நேர் எதிரே, தென்கிழக்கே பார்க்கும். அது பிடிக்கும் செயற்கைக்கோள் ஜிசாட்-15. 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் அது மதுரை வானத்தில் சுமார் 68 டிகிரி உயரத்தில் நிற்கிறது; பக்கத்து வீட்டு மாடி மறைக்காது, வேப்பங்கிளை குறுக்கே வந்தால்தான் வம்பு.

மழைதான் டிஷ்ஷுக்கு எமன். டிஷ்ஷுக்கு வரும் கேயு பேண்ட் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். பெருமழை அதை உறிஞ்சிவிடும். அனலாக்கில் புள்ளி விழுந்தாலும் ஆள் தெரியும். டிஜிட்டலில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, குரல் விக்கி, சட்டென்று ‘சிக்னல் இல்லை’. மாதாமாதம் பணம் கட்டும் டிடிஎச்சும் இதே கேயு பேண்ட்தான், அதனால் காசு கொடுத்தால் மழையில் நிற்கும் என்று நினைக்க வேண்டாம். காசுக்குக் கிடைப்பது கூடுதல் தமிழ்ச் சேனல்கள். ஃப்ரீ டிஷ்ஷில் டிடி தமிழ் (நம் பழைய பொதிகை) வரும். தனியார் சேனல்களில் இந்திதான் மிகுதி.

ஆனால் தூறலுக்கே படம் உடைந்தால் அது மழையின் குற்றமில்லை. அழகர்கோவில் பக்கம் அம்மா வீட்டில் அப்படித்தான் ஆனது. வந்த மெக்கானிக் எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு அலையை வாங்கும் உறுப்பு) போச்சு, மாற்றணும் என்றார். சரி, ஒரு தடவை பார்ப்போம் என்று நானே ஏறினேன். ஒயர் முனையில் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு. ஒரு விரற்கடை வெட்டி, புது கனெக்டர் முறுக்கி, தண்ணீர் வழிந்து உள்ளே போகாதபடி ஒயரைக் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டுக் கட்டினேன். டிஷ்ஷும் லேசாகத் திரும்பியிருந்தது. மயில் வந்து உட்காருகிறது, அந்தக் கனத்துக்கு போல்ட் தளர்ந்திருக்கிறது. நேராக்கியதும் பாக்ஸில் சிக்னல் குவாலிட்டி 45-லிருந்து 70-க்கு ஏறியது. செலவு கனெக்டர் காசுதான்.

கேபிளுக்கு மழை பெரிய விஷயமில்லை. கேபிள்காரரின் கண்ட்ரோல் ரூமில் இருக்கும் பெரிய டிஷ்கள் வாங்குவது பெரும்பாலும் சி பேண்ட். அலை நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர், மழை அவ்வளவாகத் தொடாது. அதற்கு எதிரி கரண்ட். தெருக்கம்பத்தில் தொங்கும் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் போனால், வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் திரை வெறிச்சென்றுதான் கிடக்கும். அப்புறம் லாரி இழுத்து அறுக்கும் ஒயர். அதற்குக் கேபிள்காரர் வரும்வரை காத்திருப்பு.

நெட்டில் பார்க்கலாமே என்றால், பார்க்கலாம். சித்திரைத் திருவிழாவில் எதிர் வீட்டு கேபிள் டிவியில் குலவை கேட்டு அரை நிமிஷம் கழித்துத்தான் என் போனில் அழகர் ஆற்றில் இறங்கினார்.

செல்லூரில் கேபிளையே வைத்துக்கொண்டோம். அங்கே கரண்ட் அவ்வளவாகப் போவதில்லை, மாமாவுக்கு எல்லாத் தமிழ் நியூஸ் சேனலும் வேண்டும். அம்மா வீட்டுச் சந்துக்குக் கேபிள் வராது, அதனால் ஃப்ரீ டிஷ். மயில் இன்னும் வருகிறது. போல்ட்டுக்கு இரண்டாவது நட்டு போட்டிருக்கிறேன்.