டூரிங் மெஷினா, ரிஜிஸ்டர் மெஷினா, லாம்டாவா?

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டமானாலும் சரி, கேட் தேர்வானாலும் சரி, கணிமையின் எல்லை, அதாவது எதைக் கணக்கிட முடியும், எதை முடியாது என்றால் டூரிங் மெஷின்தான். சென்னையில் கணினி படிக்கும் பிள்ளைகள் பலர், உள்ளீட்டை வாங்கி விடை தரும் சார்புகளாலேயே எல்லாவற்றையும் கணக்கிடும் லாம்டா கால்குலஸைத் தொடாமலேயே பட்டம் வாங்கிவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் இந்த மூன்றில் எதில் தொடங்கலாம் என்று கேட்டால் டூரிங்கையே சொல்வேன்.

கட்டம் கட்டமான நீண்ட நாடா, அதில் நகர்ந்து குறிகளைப் படித்து எழுதும் ஒரு தலை, இதுதான் அந்தக் கற்பனை இயந்திரம். அதில் ஒவ்வோர் அடியும் கண்ணுக்குத் தெரியும். நாடாவில் 1011 இருக்கிறது, அதாவது இரும முறையில் பதினொன்று. ஒன்று கூட்ட வேண்டும். தலை வலது ஓரத்தில் நிற்கிறது. 1 கண்டால் 0 எழுதி இடப்பக்கம் நகர வேண்டும். 0 அல்லது வெற்றுக் கட்டம் கண்டால் 1 எழுதி நிற்க வேண்டும். கடைசி இரண்டு 1-களும் 0 ஆகி, அடுத்த 0 மட்டும் 1 ஆகி, 1100 வந்துவிடும். நிரலே அவ்வளவுதான்.

நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு ரிஜிஸ்டர் மெஷின் இன்னும் சுலபம். ரிஜிஸ்டர் என்பது ஓர் எண்ணை வைத்திருக்கும் பெட்டி. ஒன்று கூட்டு, ஒன்று கழி, பூஜ்யமா என்று பார், இவை போதும். உள்ளீட்டைத் தக்கபடி குறியாக்கிக் கொடுத்தால் இரண்டே ரிஜிஸ்டர்களால் டூரிங் மெஷினின் வேலை முழுவதையும் செய்யலாம் என்று கணினி அறிஞர் மார்வின் மின்ஸ்கி நிறுவினார். ஆனால் வேகம் படுமோசம்.

லாம்டாவில் நாடாவும் இல்லை, ரிஜிஸ்டரும் இல்லை, எல்லாமே சார்புகள். உள்ளீட்டை அதற்கே ஊட்டும் சார்பு ஒன்றை எடுத்து, அதை அதற்கே கொடுத்துப் பாருங்கள். சுருக்கச் சுருக்க அதே கோவைதான் திரும்ப வரும். முடிவில்லா ஓட்டத்தை இவ்வளவு சிக்கனமாக வேறெதிலும் நான் பார்த்ததில்லை. 1936-இல் ஆலன் டூரிங்குக்குச் சற்று முன்பே தர்க்கவியலாளர் அலன்சோ சர்ச் லாம்டாவை வைத்து எல்லையை நிறுவிவிட்டார். ஆனால் எது கணக்கிடத்தக்கது என்பதற்குச் சர்ச் தந்த வரையறை, இன்னொரு தர்க்கவியலாளரான கோடெலுக்குத் திருப்தி தரவில்லை. டூரிங்கின் கட்டுரைதான் அவரை ஒப்புக்கொள்ள வைத்தது.

மூன்றும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றே. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நிற்குமா, நிற்காதா என்று சொல்லும் பொது நிரல் எதிலும் கிடையாது. இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 'நிற்கும்' என்றால் ஓடிக்கொண்டே இருக்கவும், 'நிற்காது' என்றால் நிற்கவும் ஒரு நிரல் எழுதி, அதையே அதற்கு உள்ளீடாகக் கொடுத்தால் முரண்பாடு வந்துவிடும்.

இந்த எல்லையை எண்களில் பார்க்க டூரிங் மெஷின்தான் வசதி. அடுத்து என்ன செய்வது என்பதை மெஷினின் அப்போதைய நிலையும் நாடாவில் உள்ள குறியும் சேர்ந்து முடிவுசெய்யும். ஐந்து நிலை, இரண்டு குறி கொண்ட மெஷின் வெற்று நாடாவில் தொடங்கி நிற்பதென்றால், அதிகபட்சம் 4,71,76,870 அடிகள். இதை உறுதிசெய்ய 2024 வரை ஆனது. ஆறு நிலைக்கு இன்னும் விடை இல்லை.

அப்புறம் லாம்டாவுக்கு வாருங்கள். சிறுசேரி சென்னை மேத்தமெட்டிக்கல் இன்ஸ்டிட்யூட் பேராசிரியர்கள் நடத்திய ஹாஸ்கெல் பாடம் என்பிடெல் இணையப் பாடத் தளத்தில் இருக்கிறது. ஹாஸ்கெல் லாம்டாவை அடிப்படையாகக் கொண்ட நிரல் மொழி. அந்தப் பாடத்தின் வழியாக நுழைவது எளிது.