ராமநாதபுரம் கடற்கரையில் குடியேறலாமா? தண்ணீர், வீடு, மனை குறித்த ஒரு மதிப்பீடு

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது கடல் எவ்வளவு தூரம் என்பதைத்தான். அவர்கள் முதலில் கேட்கவேண்டியது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே. தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வழியாக மண்டபம் வரை நீளும் வடகடல் கரையிலும், அங்கிருந்து கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எனச் சாயல்குடிப் பக்கம் போகும் தென்கடல் கரையிலும், தெருவுக்குத் தெரு நிலத்தடி நீரின் சுவை மாறுகிறது. ஒரே அளவு மனை, ஒரே மாதிரி வீடு, ஒரே சாலை என்றாலும், ஒரு வீட்டில் கிணற்று நீரைக் குடிக்க முடிகிறது. நான்கு வீடு தள்ளிப் பாத்திரம் கழுவினால் வெள்ளை படிகிறது. ஓய்வுக்குப் பின் ஊர் திரும்ப நினைப்பவர்களும், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் மனை தேடுபவர்களும், பணிமாறுதலில் வருகிறவர்களும் இந்தக் கரையைக் குடியிருக்கும் இடமாக எப்படி எடைபோடலாம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். சுற்றுலா பற்றி எழுத வேறு ஆட்கள் உண்டு.

மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 800 மி.மீ.க்குச் சற்று அதிகம். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்து முடிந்துவிடுகிறது. வைகை இங்கே வரும்போது ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு நீர் விட்டுவிட்டு ஓய்ந்துபோகிற ஆறு. ஆகவே கடலோர ஊர்களின் குடிநீர், திருச்சி அருகே காவிரியிலிருந்து எடுத்துவரப்படும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்களையும், லாரி, டிராக்டர் தண்ணீரையும், தள்ளுவண்டியில் அடுக்கிய பிளாஸ்டிக் குடங்களையும் நம்பியிருக்கிறது. மணற்பாங்கான சில ஊர்களில் இன்றும் பெண்கள் ஊற்றுத் தோண்டி, ஊறி வரும் நீரைச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புவதைப் பார்க்கலாம். வாடகைக்கு வீடு கேட்டால் வீட்டுக்காரர் கூச்சமில்லாமல் சொல்லும் பதில் ஒன்று உண்டு: “பொழங்கத் தண்ணி இருக்குண்ணே, குடிக்கத்தான் வாங்கணும்.” இந்த ஒரு வாக்கியத்துக்குள் மாதச் செலவு, வீட்டில் ஒருவருடைய நேரம், தொட்டி கட்டவேண்டிய இடம் ஆகிய மூன்றும் அடங்கியிருப்பதால், வாடகை குறைவாகத் தெரிகிறதே என்று மகிழ்வதற்கு முன் இவற்றைக் கூட்டிப் பார்ப்பது நல்லது.

தண்ணீரைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வரை போகத் தேவையில்லை. அதுவும் செய்யலாம், ஆனால் அதற்கு முன் குளியலறைக்குள் போய்ப் பாருங்கள். குழாயின் கழுத்தில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கிறதா, வாளியின் உட்புறத்தில் வளையம் வளையமாகப் படிவு இருக்கிறதா, சோப்பு நுரைக்கிறதா என்பதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மீதியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்கவேண்டும். வீட்டுக்காரரிடமோ தரகரிடமோ கேட்டுப் பயனில்லை. குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, இரவில் வருகிறதா பகலிலா, மோட்டார் வைக்காமல் ஏறுகிறதா என்ற மூன்றையும் அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். தை மாதத்தில் வீடு பார்க்காதீர்கள். மழை முடிந்த கையோடு எல்லாக் கிணறும் நன்றாகத்தான் இருக்கும். சித்திரைக் கடைசியில் வந்து பாருங்கள். வடகடல் கரையில் இறால் பண்ணைக்கு அருகில் மனை விற்கப்படுகிறது என்றால், சுற்றியுள்ள கிணறுகள் உப்பேறியிருக்கின்றனவா என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுக்கவேண்டாம்.

அடுத்தது உப்புக் காற்று. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, புதிய செங்குத்துத் தூக்குப்பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்படும் வரை ராமேஸ்வரம் தீவுக்கு ரயிலே இல்லை. புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் கடல் காற்றைத் தாங்கும் விசேஷப் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ரயில்வே இவ்வளவு மெனக்கெட்ட இடத்தில், சாதாரணக் கம்பியும் கழுவாத மணலும் போட்டுக் கட்டிய வீடு எப்படித் தாங்கும் என்பதை வாங்குகிறவர்தான் யோசிக்கவேண்டும். கட்டிய வீட்டைப் பார்க்கும்போது புது வண்ணப் பூச்சைப் பார்க்காமல், மாடிப்படிக்குக் கீழேயும் சன்ஷேடின் அடிப்பக்கத்திலும் நிமிர்ந்து பாருங்கள். காரை வரிவரியாக வெடித்து, அந்தக் கோட்டின் வழியே பழுப்பு நிறம் கசிந்திருந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிவிட்டது என்று பொருள். மேலே எத்தனை கை பூசினாலும் அது மறுபடி வெளியே வரும். ஜன்னல் கொண்டியையும் கேட்டின் கீலையும் அசைத்துப் பார்த்தால் வீட்டுக்காரர் எவ்வளவு பராமரித்திருக்கிறார் என்பது விளங்கிவிடும். சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு உப்புப் பூத்த வீட்டில் மர அலமாரியை ஒட்டிவைக்க முடியாது.

ஊர் வாரியாகச் சொன்னால், பள்ளிப் பிள்ளைகளோடும் வயதான பெற்றோரோடும் வருகிற குடும்பத்துக்கு ராமநாதபுரம் நகரம்தான் என் முதல் பரிந்துரை. கடல் பக்கத்தில் இல்லை என்பது இங்கே குறையே அல்ல. 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி, சேதுபதி அரசு கலைக் கல்லூரி, மதுரைக்கும் சென்னைக்கும் ரயில் ஆகியவை ஒரே இடத்தில் கிடைப்பது இந்தக் கரையில் இங்கே மட்டும்தான். இருதயம், மூளை சார்ந்த அவசரங்களுக்கு மக்கள் இப்போதும் சுமார் 110 கி.மீ. தொலைவிலுள்ள மதுரைக்கே ஓடுகிறார்கள் என்பதையும், கீழக்கரையிலோ தொண்டியிலோ குடியிருந்தால் ரயிலே இல்லாமல் சாலை வழியாகத்தான் போகவேண்டும் என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

கீழக்கரையின் வீடுகள் விசாலமானவை, தெருக்கள் குறுகலானவை. வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் தொழில் செய்யும் குடும்பங்களின் பெரிய வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்தாலும் அவை எளிதில் வாடகைக்கு வருவதில்லை. தெரிந்தவர் மூலம் போனால்தான் கதவு திறக்கும். மகளிர் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் இருப்பதால் படிப்புக்குக் குறைவில்லை. உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரையுள்ள பகுதி தென்னையும் பனையுமாக நிழலுள்ளது, ரயிலும் தேசிய நெடுஞ்சாலையும் பக்கத்தில் ஓடுகின்றன. சொந்தமாகக் கட்டிக் குடியேற நினைப்பவருக்கு என் கணிப்பில் இதுவே இந்தக் கரையின் நல்ல பகுதி. சாயல்குடிப் பக்கம் மனை மலிவு, தண்ணீர் அரிது, அவ்வளவுதான்.

ராமேஸ்வரம் பற்றி மட்டும் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். அங்கே தொழிலோ உத்தியோகமோ இல்லாதவர் குடியிருப்புக்காக வீடு வாங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். கோயிலைச் சுற்றி ஒவ்வொரு வீடும் ஒரு விடுதியாகும் வாய்ப்புள்ள இடத்தில், குடும்பம் நடத்த வருகிறவர் யாத்ரீகர் கொடுக்கும் நாள் வாடகையோடு போட்டியிடுகிறார். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் சொந்த வீட்டுக்கு வண்டியில் போய்ச் சேருவதே பெரும்பாடு. தீவிலிருந்து வெளியேறும் சாலை 1988இல் திறக்கப்பட்ட ஒரே ஒரு பாலத்தின் மீதுதான் போகிறது. 2024 நவம்பரில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையில் எந்தெந்தத் தெருக்களில் தண்ணீர் நின்றது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தீவில் ஒரு சென்ட்கூட வாங்கக் கூடாது. தனுஷ்கோடிப் பக்கம் கடல் தெரியும் மனை என்று யாராவது காட்டினால், 1964 டிசம்பர் புயலுக்குப் பின் அரசே அந்த ஊரை வாழத் தகுதியற்றது என அறிவித்ததை நினைவூட்டிவிட்டு வந்துவிடலாம்.

மீன் விஷயத்தில் இந்தக் கரைக்கு முழு மதிப்பெண். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை என்றாலும் நாட்டுப்படகு மீன் கரைக்கு வந்துகொண்டுதான் இருக்கும், விலை சற்றுக் கூடும். கருவாடு காயவைக்கும் இடத்துக்குக் காற்றுத் திசையில் வீடு எடுக்காமல் இருந்தால் போதும்; வாடைக்கும் கச்சான் எனப்படும் மேல்காற்றுக்கும் திசை மாறும் என்பதால் இதையும் ஒரு முறை பார்த்து முடிவுசெய்ய இயலாது.

மனை வாங்குவதில் கடலோரத்துக்கே உரிய சிக்கல், கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 2019ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, ஊரகக் கடற்கரையில் மக்கள் நெருக்கம் சதுர கி.மீ.க்கு 2,161க்கு மேல் உள்ள இடங்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து (ஏற்றத்தின்போது கடல் நீர் எட்டும் எல்லை) 50 மீட்டரும், மற்ற இடங்களில் 200 மீட்டரும் புதுக் கட்டுமானம் தடைசெய்யப்பட்ட பகுதி. பட்டா இருக்கிறது, பத்திரமும் பதிவாகும், வீடு மட்டும் கட்ட முடியாது என்ற நிலை இதனால்தான் வருகிறது. பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புல வரைபடம், தாய்ப் பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கம் ஆகியவற்றோடு, கோயில், வக்ஃபு, புறம்போக்கு நிலமா என்பதையும் சர்வே எண்ணை வைத்துப் பார்த்துவிடவேண்டும். தரகர் சொல்லும் விலைக்கும் அரசின் வழிகாட்டி மதிப்புக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடும்போது, முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 விழுக்காடு தனி என்பதை மறந்துவிடக் கூடாது.

இவ்வளவையும் பார்த்து முடிவுக்கு வர முடியாதவர்கள், வாங்குவதைத் தள்ளிப்போட்டு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் வாடகைக்கு இருந்து பார்ப்பது மேல். ஒத்திக்கு வீடு கிடைக்கிறதே என்று மொத்தப் பணத்தையும் முத்திரைத்தாளில் எழுதி மட்டும் கொடுத்துவிடுவது இங்கே சகஜம்; ஒத்தியைப் பதிவு அலுவலகத்தில் பதிவுசெய்தால்தான் சட்டப்படி செல்லும். பதிவுக்கு வீட்டுக்காரர் இசையவில்லை என்றால், மாத வாடகைக்கே பேசி, குடிநீர் லாரிச் செலவு யாருடையது, மோட்டார் பழுதானால் யார் பார்ப்பது என்ற இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.