படுக்கை சென்சார்களுடன் நான்கு வருடம்: ஒரு வார்டு நர்ஸின் அனுபவம்

எங்கள் வார்டில் முப்பது படுக்கைகள். இடுப்பு ஆபரேஷன் முடிந்தவர்கள், பக்கவாதத்திலிருந்து தேறி வருபவர்கள், காய்ச்சலில் நினைவு தடுமாறுபவர்கள் என்று பெரும்பாலும் வயதானவர்கள்தான். இரவில் நாங்கள் மூன்று பேர். யார் எப்போது சொல்லாமல் கட்டிலை விட்டு எழுந்துவிடுவாரோ என்பதுதான் நைட் டியூட்டியின் பெரிய கவலை. அந்தக் கவலைக்காக வாங்கிய சென்சார்கள் வந்து நான்கு வருடம் ஆகிறது. வாங்கலாமா என்று யோசிக்கும் வார்டுகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் வந்தது மெத்தைக்கு அடியில் விரிக்கும் பேட். மேலே இருக்கும் எடை நீங்கினால் சத்தம் போடும், அவ்வளவுதான். எந்த இடத்தில் விரிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தோளுக்குக் கீழே வைத்தால் நோயாளி தண்ணீர் குடிக்க நிமிர்ந்தாலே கத்தும். இடுப்புக்கு நேராக வைத்தால் அவர் ஓரத்துக்கு நகர்ந்து, காலைத் தொங்கவிட்டு, பாதி எழுந்த பிறகுதான் கத்தும். மிகவும் மெலிந்தவர்கள் படுத்திருக்கும்போதே கட்டிலில் ஆள் இல்லை என்று சொல்லும். படுக்கைப்புண் வராமல் இருக்கப் போடும் காற்று மெத்தையோடு இது சரிப்பட்டு வரவே இல்லை. மெத்தையின் அறைகள் மாறி மாறிக் காற்று நிரம்பி இறங்கும்போது பேட் குழம்பிவிடுகிறது. பேட்டுக்கு ஆயுளும் உண்டு. பயன்படுத்தத் தொடங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.

முதல் வருடம் நாங்கள் செய்த பெரிய தவறு, கிட்டத்தட்ட எல்லாருக்கும் அதைப் போட்டது. இரவு முழுக்க ஏதாவது ஒரு மூலையில் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் புரண்டு படுத்திருப்பார். நாலு முறை அப்படி ஓடிய பிறகு ஐந்தாம் முறை கால் தானாகவே மெதுவாகிவிடுகிறது. ஓர் இரவு பக்கத்து அறையில் ஒருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். முன்னிரவில் மூன்று முறை வீணாக ஒலித்த அதே கட்டில் மறுபடி ஒலித்தது. கட்டை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். போனபோது பெரியவர் தரையில் கிடந்தார். எலும்பு முறியவில்லை, நெற்றியில் நாலு தையல். "உங்களை எதுக்கும்மா தொந்தரவு பண்ணணும்னு நானே எழுந்தேன்" என்றார். அந்தத் தவறு என்னுடையது. அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை.

இது எங்கள் வார்டில் மட்டும் நடந்ததில்லை. மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்க அமைப்பான ஜாயின்ட் கமிஷன் 2013இல் அலாரம் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மருத்துவமனைக் கருவிகள் எழுப்பும் ஒலிகளில் 85 முதல் 99 சதவீதம் வரை, ஊழியர் எதுவும் செய்யத் தேவையில்லாதவை என்று அதில் சொல்லியிருந்தார்கள். காது மரத்துப்போவது சோம்பலால் இல்லை. அத்தனை பொய் ஒலிகளுக்கு நடுவே வேலை செய்யும் யாருக்கும் அது நடக்கும்.

அதன் பிறகு ஆள் பார்த்துப் போட ஆரம்பித்தோம். நோயாளி விழும் ஆபத்தை மதிப்பிட 1989இல் வெளிவந்த மோர்ஸ் அளவுகோலில் ஆறு கேள்விகள். 45 மதிப்பெண்ணுக்கு மேல் வந்தால் விழும் ஆபத்து அதிகம் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் அதோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டோம்: இவர் காலிங் பெல்லை அழுத்த மறந்துவிடுவாரா, அல்லது ஞாபகம் இருந்தும் அழுத்தத் தயங்குவாரா? மறப்பவருக்குச் சென்சார் வேண்டும். தயங்குபவரிடம் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசினால் போதும்.

இரண்டாவது வருடம் சென்சார் உள்ளேயே இருக்கும் கட்டில்கள் வந்தன. சட்டகத்தில் எடை உணரிகள் இருப்பதால் உடம்பின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். மூன்று நிலை வைக்கலாம்: அசைந்தாலே ஒலிப்பது, ஓரத்துக்கு வந்தால் ஒலிப்பது, இறங்கிய பிறகு ஒலிப்பது. எங்களுக்கு நடு நிலைதான் ஒத்துவந்தது. பேட்டைவிடப் பல மடங்கு மேல். ஆனால் நோயாளியைப் படுக்க வைப்பதற்கு முன் காலிக் கட்டிலின் எடைக் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தாலோ, பிறகு யாராவது கனமான பையைக் கட்டிலில் வைத்தாலோ கணக்குத் தவறும். எக்ஸ்ரேக்குப் போய்த் திரும்பியவரைப் படுக்க வைத்துவிட்டு அலாரத்தை மறுபடி போட மறப்பதுதான் நாங்கள் அடிக்கடி செய்த பிழை. இப்போது ஷிஃப்ட் மாறும்போது இரண்டு பேர் சேர்ந்து கட்டில் கட்டிலாகப் பார்த்து உறுதி செய்கிறோம்.

நோயாளி எங்கே இருக்கிறார் என்று திரையில் காட்ட, கைப்பட்டையில் மாட்டும் ப்ளூடூத் டேக் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரேடியோ அலை சுவரைத் தாண்டும் என்பதால் ஏழாம் அறைக்காரரைத் திரை எட்டாம் அறையில் காட்டும். எந்த அறை என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் சுவரைத் தாண்டாத அகச்சிவப்பு அல்லது மீயொலி முறை தேவை. நினைவு தவறி வார்டை விட்டு வெளியே நடந்துவிடும் நோயாளிகளுக்கு, வாசலிலும் லிஃப்ட் பக்கமும் எச்சரிக்க மட்டும் டேக்கை வைத்திருக்கிறோம். ஒருமுறை ஒருவர் பட்டையைக் கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு நடந்துவிட்டார். அவர் அறையில்தான் இருக்கிறார் என்று திரை காட்டிக்கொண்டிருந்தது. டேக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

சுவரில் பொருத்தும் ரேடார் வந்து ஒன்றரை வருடம். 60 கிகாஹெர்ட்ஸ் அலை, திரைச்சீலையைத் தாண்டியும் பார்க்கும், மூச்சில் நெஞ்சு ஏறி இறங்குவதைக்கூடக் கண்டுபிடிக்கும். முன்பு இருந்த அகச்சிவப்பு அசைவு உணரிக்கு, விழுந்து அசையாமல் கிடப்பவரும் காலி அறையும் ஒன்றுதான். ரேடார் அந்த இடத்தில் கைகொடுத்தது. படம் எடுப்பதில்லை என்பதால்தான் நான் சம்மதித்தேன். கேமரா வைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது வேண்டாம் என்று எழுதியே கொடுத்தேன். உடை மாற்றுவதும் பெட்பேன் வைப்பதும் அந்த அறையில்தான் நடக்கிறது. எந்தச் சென்சாராக இருந்தாலும் நோயாளியிடமும் வீட்டாரிடமும் சொல்லிவிட்டுத்தான் போடுகிறோம்.

இன்னொன்று. கட்டிலருகே ஒலித்த சத்தத்தை நிறுத்தி நர்ஸின் போனுக்கு மட்டும் வரும்படி மாற்றினோம். ஓர் அம்மா இரவெல்லாம் விறைத்துப் படுத்திருந்தார். புரண்டால் மணி அடித்துவிடுமோ, எல்லாரும் ஓடி வருவார்களோ என்று பயம். கையைக் கட்டிப்போடாமலேயே அவரைக் கட்டிப்போட்டிருந்தோம்.

சரி, விழுவது குறைந்ததா? சென்சார் போட்டதால் மட்டும் குறையவில்லை. ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் 16 வார்டுகளில் 27,672 நோயாளிகளை வைத்துச் செய்த சோதனை 2012இல் வெளியானது. படுக்கை அலாரப் பயன்பாட்டைப் பல மடங்கு கூட்டியும் விழுந்தவர்கள் எண்ணிக்கையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. இங்கிலாந்தில் முதியோர் வார்டுகளில் படுக்கைக்கும் நாற்காலிக்கும் சென்சார் வைத்துப் பார்த்த ஆய்விலும் அதே முடிவு. எங்கள் வார்டில் நடந்து பார்த்தாலே காரணம் புரியும். நர்ஸ் ஸ்டேஷனிலிருந்து கடைசி அறைக்கு வேகமாகப் போனாலும் இருபது விநாடிக்கு மேல் ஆகிறது. ஓரத்தில் உட்கார்ந்தவர் எழுந்து நிற்க அதில் பாதி போதும். அதனால் ஆபத்து அதிகமானவர்களை ஸ்டேஷனுக்குப் பக்கத்து அறைகளுக்கு மாற்றினோம்.

உண்மையான பலன் நாங்கள் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. ஒலித்த நேரங்கள் கணினியில் பதிவாகின்றன. எங்கள் சீனியர் சிஸ்டர் ஒரு மாதப் பதிவை அச்செடுத்து, நோயாளிவாரியாகப் பேனாவால் குறித்தார். விடியற்காலை நாலிலிருந்து ஆறு மணிக்குள் ஒரு கூட்டம். சாயங்காலம் நீர் மாத்திரை கொடுத்தவர்களிடம் முன்னிரவில் இன்னொரு கூட்டம். எல்லாம் சிறுநீர் கழிக்கத்தான். டாக்டரிடம் காட்டினோம், முடிந்தவர்களுக்கு மாத்திரையை முன்கூட்டியே கொடுக்க நேரம் மாற்றினார். அப்புறம் நாங்கள் மூன்றரை மணிக்கே போய், "பாத்ரூம் போகணுமா ஐயா?" என்று கேட்க ஆரம்பித்தோம். ஒவ்வொருவருக்கும் அவரவர் நேரத்தைச் சார்ட்டில் எழுதி வைத்திருக்கிறோம். இப்போது ஓர் இரவில் ஒலிப்பதை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒலித்தால் ஓடுகிறோம். வாங்குபவர்கள் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: பதிவுகளை வார்டில் இருப்பவர்களே, யாரையும் கேட்காமல் எடுத்துப் பார்க்க முடியுமா?

இன்னும் தீராதது குளியலறை. கட்டிலிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர் உள்ளே தனியாக எழும்போது தடுமாறுகிறார். சங்கிலி இழுக்கும் மணி கைக்கு எட்டுவதில்லை. இரண்டு குளியலறைகளில் ரேடார் பொருத்திப் பார்க்கிறோம், மூன்று வாரம் ஆகிறது. கமோடில் குனிந்து உட்கார்ந்திருப்பவரையும் தரையில் சரிந்தவரையும் அது இன்னும் சரியாகப் பிரிக்கவில்லை. பொருத்திய உயரத்தை மாற்றச் சொல்லியிருக்கிறோம். அதுவரை கதவைச் சாத்திவிட்டு வெளியே ஒருவர் நிற்கிறோம்.