டிடிஎஸ் மீட்டரோடு வாசலுக்கு வருகிறவரிடம் எச்சரிக்கை

பல்லடம் பக்கம் வீடு கட்டி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. குடிக்கவும் சமைக்கவும் அத்திக்கடவுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர். மற்ற எல்லாவற்றுக்கும் 650 அடி ஆழ்துளைக் கிணறு. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தவறிப்போய்ப் பருப்பை வேகவைத்தால் மூன்று விசிலுக்கும் கல் போலவே கிடக்கும். இதற்கு ஒரு வழி செய்யலாம் என்று போன தை மாதம் விளம்பரம் பார்த்து ஓர் ஆளை வரவழைத்தேன். 28,500 ரூபாய் போனது.

வந்தவர் முதலில், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் பேனா போன்ற டிடிஎஸ் மீட்டரை எடுத்தார். எங்கள் தண்ணீர் 1460, அவர் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீர் 45. பிறகு இரண்டு டம்ளர்களிலும் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். அவருடையது தெளிவாகவே இருந்தது. எங்களுடையது பழுப்பாகிச் சேறு போலத் திரண்டது. “இதைத்தான் குடிக்கிறீர்களா அம்மா?” என்றார். “இது குளிக்கிற தண்ணீர்தானே தம்பி” என்றார் என் தாயார். “தோல் வழியாக உள்ளே போகாதா?” என்றார். அதற்கு மேல் வீட்டில் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

அந்தப் பழுப்பு எங்கள் தண்ணீரிலிருந்து வந்ததே அல்ல. உப்பு கரைந்த நீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது. உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் சரியாகப் பாயாததால் கம்பி கரைவதில்லை. அவர் பாட்டிலில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டிருந்தால் அதுவும் பழுப்பாகியிருக்கும். பத்தாம் வகுப்பு வேதியியல். எனக்குத்தான் அப்போது நினைவுக்கு வரவில்லை.

அவர் மாட்டியது தொட்டிக்குப் போகும் குழாயைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள், பக்கத்தில் விளக்கு எரியும் ஒரு பெட்டி. உப்பு போட வேண்டாம், பராமரிப்பே இல்லை என்றார். நான்காம் மாதம் குளியலறை ஹீட்டர் கருகியது. கழற்றியபோது சுண்ணாம்பு விரல் தடிமனுக்கு அப்பியிருந்தது. போனில் அழைத்து, டிடிஎஸ் இன்னும் 1460தான் காட்டுகிறது என்றேன். “இது டிடிஎஸ்ஸைக் குறைக்கிற கருவி இல்லையே சார்” என்றார். எந்த மீட்டரால் பயமுறுத்தினாரோ அதையே கைகழுவிவிட்டார்! ரசீதை எடுத்துப் பார்த்தேன். ‘கண்டிஷனர்’ என்று இருந்தது, சுண்ணாம்பை உண்மையிலேயே நீக்கும் கருவியைக் குறிக்கும் ‘சாஃப்ட்னர்’ என்ற சொல் எங்குமே இல்லை. உத்தரவாதமும் பெட்டிக்கு மட்டும்தான்.

டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் எல்லா உப்புகளுக்குமான உத்தேசக் கணக்கு. ஹீட்டரைக் கொல்வது அதில் ஒரு பகுதியான கால்சியமும் மக்னீசியமும். இந்த இரண்டின் அளவுதான் கடினத்தன்மை, அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்தேன்: கடினத்தன்மை லிட்டருக்கு 840 மில்லிகிராம். இந்தியக் குடிநீர்த் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 200. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை. இந்த ஒரு தாளை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

தாளோடு அடுத்த கடைக்குப் போனேன். இவர் ரெசின், அதாவது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைக்கும் சிறு மணிகள், நிரப்பிய உண்மையான சாஃப்ட்னரைத்தான் காட்டினார். 30 லிட்டர் ரெசின், வாரம் ஒருமுறை உப்புக் கரைசல் விட்டு ரெசினைக் கழுவினால் போதும் என்றார். இந்த முறை பேனாவும் தாளும் எடுத்தேன். ஒரு லிட்டர் ரெசின் ஏறக்குறைய 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும் என்றால் மொத்தம் 1,500 கிராம். எங்கள் தண்ணீரில் ஆயிரம் லிட்டருக்கு 840 கிராம். ஆக 1,800 லிட்டர்கூடத் தாண்டாது. நாங்கள் நாளொன்றுக்கு 800 லிட்டர் செலவழிக்கிறோம். வாரத்துக்கு ஒருமுறை எங்கே, இரண்டு நாளைக்கு ஒருமுறை எங்கே? ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு கிலோ உப்பு வேறு. கணக்கைக் காட்டியதும் அவர் ஒப்புக்கொண்டார், கோபப்படவில்லை. அதனாலேயே அவரிடம் வாங்கினேன். குளியலறைக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் மட்டும் இணைத்ததால் ஐந்து நாள் தாங்குகிறது.

இதிலும் டிடிஎஸ் குறையாது. கால்சியம் போன இடத்தில் சோடியம் வந்து உட்காரும், அவ்வளவுதான். ஆகவே தோட்டத்துக்கு, சாஃப்ட்னர் வழியாகப் போகாத தனிக் குழாய் விடுங்கள். ரெசினைக் கழுவிய உப்பு நீர் தென்னை வேருக்குப் போகவே கூடாது. இதை எந்த விற்பனையாளரும் தானாகச் சொல்லவில்லை. தண்ணீரில் இரும்பு இருந்தால் ரெசின் சீக்கிரம் கெடும் என்பதால் அதையும் சேர்த்துச் சோதியுங்கள். வாங்கும்போது, கருவிக்கு முன்னும் பின்னும் கடினத்தன்மை எவ்வளவு என்று ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வாசலைக் காட்டிவிடலாம்.

முதல் ஆள் இப்போது போன் எடுப்பதில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். சாட்சிக்கு வேண்டும் என்று சுருளைக் கழற்றவில்லை. பெட்டியில் பச்சை விளக்கு இன்னமும் எரிகிறது.