லாபத்துக்கு ஒரு பிப், நஷ்டத்துக்கு ஒரு பிப்: தங்கம் டிரேடிங் வகுப்பில் நான் ஏமாந்த கதை

காட்பாடி பக்கம் ஒரு மாடியில் ஞாயிறுதோறும் தங்கம் டிரேடிங் வகுப்பு நடக்கிறது. அங்கே 50,000 ரூபாயை விட்டுவிட்டு வந்தவன் எழுதுகிறேன். குடியாத்தம், ராணிப்பேட்டையிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். சுவரில் ஸ்ரீபுரம் பொற்கோயில் படம் மாட்டியிருந்தார்கள். பாதி நம்பிக்கை எனக்கு அதிலேயே வந்துவிட்டது, வெட்கக்கேடு.

முதலில் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். தினமும் "இன்று 400 பிப்ஸ் லாபம்" என்று படம் வரும். பிப் என்பது விலை நகர்வை எண்ணும் சிறு அளவு. ஒரு அவுன்ஸ் தங்கம் 2650.20 டாலர் விலையில் வாங்கி 2654.20-க்கு விற்றதாக இருக்கும். 400 என்றதும் வாய் பிளந்தேன். உண்மையில் விலை ஏறியது 4 டாலர்தான்.

2024 நவம்பரில் பணம் கட்டினேன், அதுவும் யாரோ ஒருவருடைய ஜிபே எண்ணுக்கு. ஆப்பில் 560 டாலர் காட்டியது. பயிற்சியாளர் என் போனை வாங்கி அரை லாட் வாங்கிப் போட்டார். "50 பிப் ஸ்டாப் லாஸ்தான் அண்ணா, பயப்படாதீங்க" என்றார். அதாவது விலை 50 பிப் இறங்கினால் அந்த நஷ்டத்தோடு தானாக விற்றுவிடும். 400 பிப் என்றால் 4 டாலர், அப்படியானால் 50 பிப் அரை டாலர். தங்கத்தில் ஒரு லாட் என்பது 100 அவுன்ஸ், அரை லாட் 50 அவுன்ஸ். போனால் 25 டாலர் போகும் என்று மனக்கணக்குப் போட்டேன். வாங்கிய விலை 2650.00. ஸ்டாப் லாஸ் கட்டத்தில் 2645.00 என்று இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் உறைக்கவில்லை.

டீ குடித்துவிட்டு வருவதற்குள் 250 டாலர் காலி.

கேட்டால், "தங்கத்துல பிப்னா 10 சென்ட் அண்ணா, 50 பிப் அஞ்சு டாலர், இது தெரியாதா?" என்கிறார். சரி, அப்படியே இருக்கட்டும். அந்தக் கணக்கில் உங்கள் 400 பிப் லாபம் வெறும் 40 பிப்தானே என்றேன். பதில் இல்லை. கொடுக்க ஒரு படி, வாங்க ஒரு படி வைத்திருக்கும் அரிசிக்கடை மாதிரிதான்.

தங்கத்தில் பிப் என்பதற்கு ஒரே அளவு கிடையாது. சிலர் 0.01-ஐ ஒரு பிப் என்கிறார்கள், சிலர் 0.10-ஐ. அதனால் யாராவது பிப் என்று ஆரம்பித்தால், "விலை ஒரு டாலர் நகர்ந்தால் எனக்கு எத்தனை டாலர்?" என்று மட்டும் கேளுங்கள். 0.01 லாட் என்றால் ஒரு டாலர். அரை லாட்டுக்கு 50. முழு லாட்டுக்கு 100. இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அரை லாட்டை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

நம் நாட்டுச் சரக்குச் சந்தையான எம்சிஎக்ஸிலும் இதே கேள்விதான். அங்கே பெரிய தங்க ஒப்பந்தம் ஒரு கிலோ, விலை சொல்வது 10 கிராமுக்கு. ஆக ஒரு ரூபாய் நகர்ந்தால் 100 ரூபாய். மினி 100 கிராம், அதில் 10 ரூபாய். ஆனால் அது சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் கண்காணிப்பில் நடப்பது. நான் பணம் போட்டது வெளிநாட்டுத் தளம். அப்படிப்பட்ட இடத்துக்கு மார்ஜின் பணம், அதாவது டிரேடிங்குக்கான முன்பணம், அனுப்பவே நம் சட்டத்தில் அனுமதி இல்லை. அனுமதியில்லாத தளங்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. நான் அதைத் தேடிப் படித்தது பணம் போன பிறகு.

அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "கிராம் கணக்கா பவுன் கணக்கான்னு கேட்டியாடா?" லாங் பஜாரில் அரை பவுன் கம்மல் வாங்கினாலும் சேதாரம் எத்தனை சதவீதம், கல் எடை கழித்தாயா என்று கடைக்காரரைக் குடைந்தெடுப்பவர்.

மிச்சம் 310 டாலரை எடுக்க விண்ணப்பித்தேன். முதலில் வரி கட்டச் சொன்னார்கள். கட்டவில்லை. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை. போன வாரம் அந்த வழியாகப் போனபோது மாடியில் புது பேனர் தொங்கியது: புது பேட்ச், ஞாயிறு காலை 10 மணி, முதல் வகுப்பு இலவசம்.